பதில் சொல்லும் பெட்டி

(தலைப்பு: இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ளப் பெரிதும் துணை நிற்பது வகுப்பறையே! கைப்பேசியே! – 'கைப்பேசியே' அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "கைப்பேசியிலே மொழி படிக்கிறது, கடல் படத்தைப் பார்த்து நீச்சல் படிக்கிற மாதிரி" என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல உவமையை யார் சொன்னாலும் தட்டணும் இல்லையா? (சிரிப்பு)

ஆனால் அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். உங்க வகுப்பறையிலே மட்டும் என்ன நடக்குது? கரும்பலகையிலே ஒரு குளத்தை வரைஞ்சு, "இது கரை, இது படி, இது ஆழம்"னு வருஷம் பூரா நடத்துறீங்க. கடைசியிலே பரீட்சை வைக்கிறீங்க. பிள்ளை நூத்துக்குத் தொண்ணூறு வாங்குறான். ஆனா இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி அவன் மேலே படவே இல்லையே! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, முதலிலே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பள்ளியிலே ஆங்கில ஆசிரியை. 22 வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த கை இது.

நடுவர்: அப்புறம் ஏம்மா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தீங்க? நீங்க இருக்க வேண்டிய இடம் எதிர்த்த பெஞ்சாச்சே! (சிரிப்பு)

ஐயா, சமையல்காரருக்குத்தான் குழம்பிலே எது குறையுதுன்னு தெரியும். அதனாலேதான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன். (சிரிப்பு, கைதட்டல்)

என் சொந்தக் கதை ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்வழியிலே படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சேர்ந்த முதல் மாதம் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் போகிறேன். பேராசிரியர் ஆங்கிலத்திலே கேட்கிறார், ஏன் வரவில்லை என்று. எனக்கு விஷயம் தெரியும், சொல் தெரியும். எழுந்து நின்று தைரியமாகச் சொன்னேன்: "ஐ யாம் ஃபீவர் சார்!" (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. பரவாயில்லை, இப்போ நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. நான் அழுதேன். நான் காய்ச்சலோடு வந்தவள் இல்லை, காய்ச்சலே நான்தான் என்று சொல்லிவிட்டேன் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு அங்கே என்ன பேர் தெரியுமா? ஃபீவர். "ஃபீவர் வருது பார், ஃபீவர் போகுது பார்." மூன்று வருஷம் ஐயா! மூன்று வருஷம் அந்தக் கட்டடத்துக்குள்ளே நான் ஆங்கிலத்திலே வாயைத் திறக்கவே இல்லை. பரீட்சையிலே நல்ல மார்க். எழுத்திலே புலி. பேச்சிலே ஊமை.

இது என் கதை மட்டுமா? இந்த அரங்கத்திலே இருக்கிறவர்களிலே பாதிப் பேர் கதை இது. அறிவு இல்லாததாலேயா நாம் இன்னொரு மொழி பேசாமல் இருக்கிறோம்? சிரிப்பார்களே என்கிற பயத்திலே அல்லவா இருக்கிறோம்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாடவேளை 40 நிமிஷம். வகுப்பிலே 40 பிள்ளைகள். ஆசிரியர் வாயே திறக்கவில்லை என்றாலும், பிள்ளைக்கு ஒரு நிமிஷம். எங்க ஆசிரியர் இனத்தைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, நாங்க வாயை மூடுவோமா? (சிரிப்பு) 20 நிமிஷம் நாங்க எடுத்துக்கிட்டா, பிள்ளைக்கு அரை நிமிஷம். அதிலேயும் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் நாலு பேர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசி பெஞ்சுக்கு மிச்சம் என்ன? "எஸ் மிஸ்", "நோ மிஸ்". இந்த இரண்டு சொல்லை வைத்து ஒரு பிள்ளை எந்த ஊரிலே பிழைக்கும்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவிலே, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே ரிச்சர்ட் கெர்ன் என்கிற பேராசிரியர். பிரெஞ்சு மொழி படிக்கிற தன் மாணவர்களை ஒருநாள் வகுப்பிலே வாய்விட்டு விவாதிக்கச் சொன்னார். இன்னொரு நாள் அவர்களையே, ஒன்றோடொன்று இணைத்த கம்ப்யூட்டர்களிலே உட்கார வைத்து, எழுத்தாலே உரையாடச் சொன்னார். 1995-லே முடிவை வெளியிட்டார். கம்ப்யூட்டரிலே உரையாடினபோது, மாணவர்கள் இரண்டு மடங்கிலிருந்து மூன்றரை மடங்கு வரை அதிகத் தடவை பேச்சிலே கலந்துகொண்டார்கள்! அதே பிள்ளைகள், அதே பிரெஞ்சுதான். என்ன மாறிச்சு? "ஏ, தப்பா பேசுறா பார்"னு திரும்பிப் பார்க்கிற முப்பது தலை அங்கே இல்லை. அவ்வளவுதான்!

நேர்மையாக இன்னொன்றும் சொல்லணும். பேச்சு கூடியது, ஆனால் இலக்கணச் சுத்தம் அப்படி ஒன்றும் கூடவில்லை என்று அதே கெர்ன் எழுதியிருக்கிறார். எதிரணியினர் குறித்துக்கொள்ளலாம். இலக்கணத்துக்கு நாங்க இருக்கோம், பார்த்துக்கொள்கிறோம். ஆனால் வாயே திறக்காத பிள்ளைக்கு எதைத் திருத்துவது? பேசினால்தானே பிழை, பிழை வந்தால்தானே திருத்தம்? முதலிலே பேச வைங்க ஐயா! (கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார், "திரையைப் பார்த்து எந்தக் குழந்தையாவது மொழி கற்றிருக்கிறதா?" என்று. நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவிலே சியாட்டில் நகரம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பேட்ரிஷியா கூல் என்று ஓர் அம்மையார். பேரே கூல்! (சிரிப்பு) குழந்தைகள் மொழி கற்பதை ஆராய்கிறவர். அவரும் அவர் குழுவினரும் என்ன செய்தார்கள்? ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டிலே ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்கிறவர்கள். சீன மொழி பேசுகிறவர்களை வரவழைத்து, பக்கத்திலே உட்கார வைத்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து, சீனத்திலேயே கொஞ்ச வைத்தார்கள். பன்னிரண்டே தடவைதான். பன்னிரண்டு தடவை முடிந்ததும் சோதித்துப் பார்த்தால், ஆங்கிலத்திலே இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அந்தப் பிஞ்சுகள் கண்டுபிடிக்கின்றன!

இன்னும் சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் டி.வி.யிலே போட்டுக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு ஒலியை மட்டும் கேட்க வைத்தார்கள். என்ன ஆச்சு? ஒன்றும் ஏறவில்லை. 2003-லே வெளியான ஆராய்ச்சி இது.

பார்த்தீங்களா, எதிரணியிலே எல்லோர் முகத்திலேயும் ஆயிரம் வாட்ஸ் பல்பு! (சிரிப்பு) "அம்மா நம்ம பக்கம் வந்துட்டாங்க"ன்னு நினைக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க. படம் இடைவேளை வரைக்கும்தான் ஓடியிருக்கு.

2014-லே இன்னொரு ஆராய்ச்சி. சாரா ரோஸ்பெரி என்பவரும் கூட இருந்தவர்களும் செய்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள். அவர்களுக்குப் புதுச் சொற்கள் சொல்லித் தரணும். மூன்று வழி. ஒன்று, ஆள் நேரிலே உட்கார்ந்து சொல்வது. இரண்டு, அந்த ஆள் கம்ப்யூட்டரிலே வீடியோ அழைப்பிலே வந்து, குழந்தையைப் பார்த்து, குழந்தை பேசினால் பதில் பேசிச் சொல்வது. மூன்று, வேறு ஒரு குழந்தையோடு பேசியதை ஏற்கெனவே படம் பிடித்து, அதை ஓட்டிக் காட்டுவது.

முடிவு என்ன? படம் பிடித்ததைப் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. நேரிலே கேட்டவர்கள் கற்றார்கள். வீடியோ அழைப்பிலே கேட்டவர்களும் கற்றார்கள்! (கைதட்டல்)

இரண்டாவதும் மூன்றாவதும் திரைதான் ஐயா, இரண்டுமே கண்ணாடிதான். ஒன்று சொல்லிக் கொடுத்தது, இன்னொன்று கொடுக்கவில்லை. ஏன்? ஒன்று பதில் சொன்னது. மற்றது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. மொழியைக் கெடுப்பது திரை இல்லை ஐயா, பதில் வராமல் போவதுதான் கெடுக்கிறது. எதிர்முனையிலே ஒரு மனுஷர் இருந்து, நீ சொன்னதைக் காதிலே வாங்கி, உனக்குப் பதில் சொன்னால், ஆயிரம் மைலுக்கு அப்பாலே இருந்தும் மொழி வரும். பதில் வரவில்லை என்றால் அடுத்த நாற்காலியிலே உட்கார்ந்திருந்தாலும் வராது!

"2020-லே ஆன்லைன் வகுப்பு என்ன கதியாச்சு?" என்று கேட்டார்கள். நானும் அதிலே பாடம் எடுத்தவள்தான். 2019-லே தொடங்கின கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடியிருந்த அந்தக் காலத்திலே வீடு வீடாகப் பாடத்தைக் கொண்டுபோனது. நல்ல காரியம். ஆனால் பிள்ளை "டீச்சர், புரியலே"ன்னு சொன்னா டி.வி. என்ன பண்ணும்? அடுத்த பாடத்துக்குப் போகும். அதனாலேதான் 2021 அக்டோபரிலே 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகள் குடியிருக்கிற தெருவுக்கே வந்து உட்கார்ந்தார்கள். பதில் சொல்ல ஆள் வந்தது. அன்றைக்குக் குறைந்து போனது பதில். அந்தப் பழியைத் தூக்கிக் கைப்பேசி தலையிலே போடாதீங்க!

பள்ளி திறந்த பிறகு நான் ஒரு வேலை செய்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன்: "அப்பா அம்மா போனிலே இருந்து, ராத்திரிக்குள்ளே எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்க. வீட்டிலே நடந்ததை ஆங்கிலத்திலே ரெண்டு வாக்கியம். தப்பா இருந்தாலும் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்."

வகுப்பிலே ஒரு பெண் பிள்ளை. கடைசி பெஞ்சு. வருஷம் பூரா "எஸ் மிஸ்" தவிர எதுவும் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அதனிடமிருந்து ஒரு பதிவு. மொட்டை மாடிக்குப் போய், ரகசியம் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறது. "மிஸ்... அவர் கோட்... கிவ் டூ பேபி." எங்க ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கு! (கைதட்டல்)

நான் உடனே பதில் அனுப்பினேன். "ஓ! யுவர் கோட் கேவ் பர்த் டு டூ கிட்ஸ்! வாட் கலர்?" திருத்தமும் அதிலேயே இருக்கு, கேள்வியும் இருக்கு, சிரிப்பு மட்டும் இல்லை. அரை மணி நேரத்திலே நாலு பதிவு வந்தது ஐயா. குட்டியின் நிறம், பேர், அது அம்மாவின் புடவையைத் தின்ற கதை, எல்லாம்! (சிரிப்பு) மறுநாள் அதனிடமே கேட்டேன், "எப்படிம்மா பேசினே?" அது சொன்னது: "ஏழு தடவை பேசி அழிச்சேன் மிஸ். எட்டாவதுதான் அனுப்பினேன்."

ஏழு தடவை பேசி அழிக்கிற வசதி எந்த வகுப்பறையிலே ஐயா இருக்கு? எனக்குக் கல்லூரியிலே அந்த வசதி இருந்திருந்தா, நான் ஃபீவராகியிருப்பேனா? (கைதட்டல்)

நடுவர்: சரிம்மா, பிள்ளைகள் கதை சொல்லிட்டீங்க. வயசானவங்களுக்கு இதெல்லாம் நடக்குமா?

ஐயா, அதுக்குத்தான் வர்றேன். எங்க அம்மா. எட்டாம் வகுப்பு. எங்க ஊரைத் தாண்டினால் அவருக்குத் தெரிந்த வெளியூர் பழனியும் திருச்செந்தூரும்தான். என் தம்பிக்குப் போபாலிலே வேலை. 2017-லே அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணம் ஆயிற்று. நல்ல பெண். தாயில்லாப் பிள்ளை. நான் நாத்தனார். நாத்தனாரே நல்ல பெண் என்று சொன்னால், நீங்களே புரிந்துகொள்ளுங்கள்! (சிரிப்பு) ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. நடுவர் அவர்களே, இதை அரசியலாக்கி விடாதீங்க, இது மாமியார் மருமகள் விவகாரம்! (சிரிப்பு)

கல்யாணம் முடிந்து முதல் நாள். மருமகளுக்கு இலை போட்டு அம்மா அன்பாகப் பரிமாறுகிறார். "சோறு... சோறு"ன்னு அழுத்திச் சொல்றார். அந்தப் பெண் முகம் வெளுத்துப் போச்சு. ஹிந்தியிலே 'சோர்' என்றால் திருடன்! வந்த முதல் நாளே மாமியார் விரலை நீட்டித் திருடி, திருடின்னு சொன்னா அது என்ன பண்ணும்? (பலத்த சிரிப்பு)

தம்பியும் அவளும் போபாலுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "தாயில்லாப் பொண்ணுடி, நாலு வார்த்தை ஆறுதலாப் பேச வேணாமா?" என்று 'முப்பது நாளில் ஹிந்தி' புத்தகம் ஒன்று வாங்கினார். முதல் பாடத்திலே என்ன இருக்கு? "ராமன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்." அம்மா கேட்டார், "ஏண்டி, இதை மருமககிட்டே எப்போடி சொல்றது?" (சிரிப்பு)

அப்புறம் தம்பி ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தான். வாட்ஸ்அப்பிலே குரல் பதிவு அனுப்ப, பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித் தந்தான். அன்றைக்குத் தொடங்கியது பள்ளிக்கூடம். காலையிலே அம்மா ஹிந்தியிலே ஒரு பதிவு: "ஆஜ் க்யா பனாயா?" இன்னைக்கு என்ன சமைச்சே? அங்கேயிருந்து மருமகள் தமிழிலே: "அம்மா, நான் இன்னைக்கு பருப்பு செஞ்சான்." (சிரிப்பு) அம்மா உடனே: "செஞ்சான் இல்லை கண்ணு, செஞ்சேன்."

அம்மா மட்டும் என்ன வாழ்ந்தது? "மைன் ஆத்தா ஹூன்" என்று பதிவு அனுப்பினார். நான் வர்றேன் என்று அர்த்தம். மருமகள் திருத்தினாள்: "அம்மா, ஆத்தா ஆம்பளை. நீங்க ஆத்தின்னு சொல்லணும்." அம்மாவுக்கு ஒரே கோபம். "என்னடி இது? நம்ம ஊர்லே ஆத்தான்னா பொம்பளை. அவ ஊர்லே ஆத்தான்னா ஆம்பளையாம்!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிங்க. ஆனால் நடுவர் அவர்களே, அந்த இலக்கணம் அம்மாவுக்கு ஆயுசுக்கும் மறக்குமா? புத்தகத்திலே ஆண்பால் பெண்பால் என்று பத்துப் பக்கம் படித்தாலும் ஒட்டாதது, ஒரு பதிலிலே ஒட்டிக்கொண்டது. ஒரு பதிவைப் பத்துத் தடவை கேட்பார். அடுப்படியிலே, தாளிக்கிறபோது, துணி மடிக்கிறபோது. எந்த வாத்தியார் ஐயா சலிக்காமல் பத்துத் தடவை சொல்வார்? நான் சொல்ல மாட்டேன். மூணாவது தடவையிலேயே எனக்குக் கோபம் வந்துடும்! (சிரிப்பு)

மருமகளுக்கு 'ழ' வரவில்லை. வாழைப்பழம், வாளைப்பளமாகவே வந்தது. அம்மா வீடியோ அழைப்பிலே வாயைப் பெரிசாத் திறந்து, "இங்க பாரு கண்ணு, நாக்கை மடக்கு, இப்படி" என்று காட்டினார். எந்த அச்சுப் புத்தகம் நாக்கைக் காட்டும்? மூன்றாவது மாதம் ஒருநாள் "வாழைப்பழம்" என்று ஒரு பதிவு வந்தது. அம்மா தெருவெல்லாம் போட்டுக் காட்டிவிட்டார்!

இது எங்க வீட்டுப் புதுமை என்று நினைத்தேன். இல்லை. 1990-களிலேயே ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்திலே இதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். மின்னஞ்சல் டான்டம் என்று பேர். டான்டம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள். உன் மொழி எனக்கு வேணும், என் மொழி உனக்கு வேணும். கடிதத்திலே பாதி உன் மொழி, பாதி என் மொழி. நீ என்னைத் திருத்து, நான் உன்னைத் திருத்துகிறேன். இதிலே வாத்தியாரும் இல்லை, மாணவரும் இல்லை. இரண்டு பேரும் வாத்தியார், இரண்டு பேரும் மாணவர். அதனாலே யாருக்கும் வெட்கமில்லை. நம்ம ஊரிலே அந்தக் காலத்திலே நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினோமே, அந்தப் பண்டமாற்றுதான் இது. எங்க அம்மா 'ழ' கொடுத்து நாலு 'க' வாங்கினார்! (கைதட்டல்)

சொல் மட்டுமா கிடைக்கிறது? 1997-லே அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்திலே 'குல்துரா' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே சொல்லுக்கு என்ன நினைக்கிறார்கள் என்று கணினி வழியே எழுதி, பக்கத்திலே பக்கம் வைத்துப் பார்த்தார்கள். 'தனிமனிதப் போக்கு' என்று ஒரு சொல். அமெரிக்கப் பிள்ளைகள் எழுதினது சுதந்திரம், சொந்தக் கால். பிரெஞ்சுப் பிள்ளைகள் எழுதினது சுயநலம்! அகராதியிலே இரண்டும் ஒரே சொல். மனசிலே இரண்டும் வேறு. அகராதி பொருளைச் சொல்லும். மனசைச் சொல்ல அந்த ஊர் மனுஷர்தான் வேணும். அந்த மனுஷரை என் பிள்ளைக்கு எந்த வகுப்பறை கொண்டுவந்து தரும்? கையிலே இருக்கிற இந்தப் பெட்டி கொண்டுவந்து தரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் செயலியையும் நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. 2012-லே டூவோலிங்கோ எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதிலே ஒரு பச்சை ஆந்தை. ஒருநாள் பாடம் படிக்கவில்லை என்றால் அழுதுகொண்டே கூப்பிடும். நம்ம ஊரிலே ஆந்தை கத்தினால் ஆகாது என்போம். இப்போ அது கத்தினால்தான் பிள்ளை படிக்கிறான்! (சிரிப்பு) சொற்கள் சேர அது உதவும். ஆனால் ஆந்தைக்கு உன் வீட்டிலே ஆடு குட்டி போட்ட சேதி வேண்டியதில்லை. சேர்த்த சொல்லை ஒரு மனுஷரிடம் கொண்டுபோய்க் கொடு. அப்போதுதான் அது மொழி. ஆந்தை வேணாம் என்றில்லை, ஆந்தையோடு நின்றுவிடாதே என்கிறேன்.

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் ஐயா. ஒரே ஒரு நிமிஷம்.

2020 ஏப்ரல். மருமகளுக்குப் பிரசவ நாள். அம்மா மூன்று மாதம் முன்னாலேயே டிக்கெட் எடுத்து, மருந்துப்பொடியெல்லாம் இடித்துக் கட்டி வைத்திருந்தார். மார்ச் கடைசியிலே ஊரடங்கு. ரயில் எல்லாம் நின்றுவிட்டது. டிக்கெட்டைக் கையிலே வைத்துக்கொண்டு அம்மா திண்ணையிலே உட்கார்ந்துவிட்டார். அங்கே தாயில்லாத பெண். இங்கே போக முடியாத தாய்.

ராத்திரி ஒரு மணிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியிலே அந்தக் கால விதிப்படி தம்பியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் தனியாக. கையிலே கைப்பேசி மட்டும். அம்மாவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்திலே இருந்தேன் ஐயா, என் காதாலே கேட்டேன். அந்த ஹிந்திக்காரப் பெண் தமிழிலே சொல்கிறாள்: "அம்மா, பயமா இருக்கும்மா." அதற்கு எட்டாம் வகுப்புப் படித்த எங்க அம்மா ஹிந்தியிலே பதில் சொல்கிறார்: "டரோ மத் பேட்டி, மைன் ஹூன்." பயப்படாதே மகளே, நான் இருக்கேன்.

(நீண்ட கைதட்டல்)

அவள் அம்மாவின் மொழியிலே அழுதாள். அம்மா அவள் மொழியிலே தேற்றினார். பிழை இருந்ததா? இருந்திருக்கும். அதை நான் பார்க்கவில்லை. மார்க் போடுகிற ஆசிரியை அந்த நேரத்திலே செத்துப்போனாள், மகள் மட்டும்தான் இருந்தேன். விடியற்காலை பேத்தி பிறந்தாள். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தமிழிலே பாட்டியை வம்புக்கு இழுக்கிறாள், ஹிந்தியிலே பாட்டியின் ஆண்பால் பெண்பாலைத் திருத்துகிறாள். எங்க அம்மாவுக்கு இப்போ இரண்டு வாத்தியார்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் ஒழுங்குக்கும் வகுப்பறை வேண்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நானே அங்கேதான் நிற்பேன். ஆனால் சிரிப்புக்குப் பயந்து மூடின வாயைத் திறந்து வைத்து, ஏழு தடவை அழித்துப் பேச இடம் கொடுத்து, எட்டாம் தடவை பதில் சொல்ல ஒரு மனுஷரைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைப்பது எது? வீட்டிலே இருக்கிற தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கையிலே கைப்பேசியைப் பார்த்தால் பிடுங்குவதற்கு முன்னாலே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பக்கம் பதில் சொல்ல யாராவது இருக்காங்களா?" யாரும் இல்லை, சும்மா ஓடுகிற படம் என்றால் தாராளமாகப் பிடுங்குங்கள். இருக்கிறார்கள் என்றால், தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே ஒரு மொழி பிறந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ளப் பெரிதும் துணை நிற்பது, பதில் சொல்லும் பெட்டியாகிய கைப்பேசியே, கைப்பேசியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(கைதட்டல்)